ஆயாவிடம் கேட்கக் கற்றுக்கொடுத்த பாடம்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று ஊரார் காகிதமெல்லாம் தினமும் என் கையில் புரளும். சொந்த வீட்டுக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது போன தை மாதம்தான். அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காதே என்ற பயம்.

ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் வம்சம் தேடுகிறவர்களுக்குப் பாடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ சபை நடத்துவது. எந்த மதத்தவரும் கணக்குத் தொடங்கலாம், காசு கிடையாது. கடையை மூடியபிறகு ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன்.

அதில் எனக்கு நிஜமாகவே உதவியது, பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்ற பகுதி. வருஷத்தைக் கேட்காதே, அப்போது நடந்த பெரிய சம்பவத்தோடு சேர்த்துக் கேள் என்கிறது. "எப்ப கல்யாணம் ஆச்சு ஆயா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், "யாருக்குத் தெரியும்" என்பார். இந்தத் தடவை கிருஷ்ணகிரி டேம் பற்றி ஆரம்பித்தேன். "டேம் கட்டும்போது உங்க தாத்தா மண்ணு சொமக்கப் போயிருந்தாரு கண்ணு. அந்தக் கூலிப் பணத்துலதான் எனக்குத் தோடு வாங்குனாங்க" என்றார். டேம் திறந்தது 1957. அப்படியானால் கல்யாணம் அதற்குச் சற்று முன்னே பின்னேதான். நாற்பது நிமிடம் பேசினார். முழுவதும் போனில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தளத்திலேயே ஒலிப்பதிவையும் ஏற்றி வைக்கலாம்.

இன்னொரு நல்ல விஷயம், அந்தத் தளத்தில் நாம் போடும் வம்ச மரத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண். நம் வீடுகளில் தாத்தா பெயர்தானே பேரனுக்கு. எங்கள் வம்சத்தில் ஒரே பெயரில் மூன்று பேர். எண் இருப்பதால் குழம்பவில்லை. ஆனால் ஒன்று, இறந்தவர்களின் விவரம் எல்லோருக்கும் தெரியும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரம் மற்றவர்களுக்குத் தெரியாது.

ஆவணம் என்று வந்தால் நம் பக்கத்துக்கு அங்கே அவ்வளவாக இல்லை. ஹரித்வாரில் யாத்திரை வருகிறவர்களின் வம்ச விவரத்தை எழுதி வைக்கும் பண்டாக்கள் என்ற புரோகிதர்களின் பதிவேடு இருக்கிறது, எங்கள் வீட்டில் ஹரித்வார் போனவர் யார்? நமக்கான ஆவணம் நம் டிரங்குப் பெட்டியில்தான். தாத்தா நிலம் வாங்கிய 1961-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. நான்கெல்லை எழுதிய இடத்தில், வடக்கே இன்னார் மகன் இன்னார் நிலம் என்று இருந்த பெயரை ஆயா முன்னால் படித்தேன். "அது எங்க சின்ன மாமனாரு" என்றார். அப்பாவுக்கே தெரியாத ஓர் உறவு! கீழே தாத்தாவின் கைநாட்டு, ரேகை இன்னும் தெளிவாக.

அந்தப் பத்திரத்தில் ஊர் "சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுகா". தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அதனால் கிருஷ்ணகிரிக்காரர்கள் பழையதைத் தேடும்போது தர்மபுரி, சேலம் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அப்புறம், வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம். பதிவான பத்திரம்தான் அதில் வரும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது.

பெண்கள் விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த ஒரு பத்திரத்திலும் ஆயாவின் பெயர் இல்லை. பிறந்த வீடு ராயக்கோட்டைப் பக்கம் என்கிறார், அவருடைய அம்மா பெயருக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் பிறந்த ஊருக்கு ஆயாவைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே ஒரு நாத்தனார் இன்னும் இருக்கிறாராம்.