நிறுவனக் காரை மாற்றும் வேளை: மிஞ்சியிருக்கும் டீசல் கிராஸ்ஓவர்களில் எது?

நிறுவனம் லீசில் எடுத்துக் கொடுத்த டீசல் கிராஸ்ஓவரின் (சாதாரணக் காரைச் சற்று உயர்த்திக் கட்டிய எஸ்யூவி வகை) ஒப்பந்தம் முடியப் போகிறது, அதன் இடத்துக்கு அதே போன்ற இன்னொன்று வேண்டும் என்று தேடத் தொடங்குகிறவர் முதலில் கவனிப்பது, பட்டியல் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதைத்தான். 2007இல் வந்து இந்த வகைக் கார்களுக்கே சந்தையைத் திறந்துவிட்ட நிசான் காஷ்காய், 2021இல் வந்த மூன்றாம் தலைமுறையில் டீசலைக் கைவிட்டது. 2017ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற பெஜோ 3008, அடுத்த தலைமுறையில் டீசல் எஞ்சின் இல்லாமலேயே வந்தது. வோல்வோ 2024இன் தொடக்கத்தில் தன் கடைசி டீசல் காரைத் தயாரித்து முடித்தது. அந்தந்த நாட்டுச் சந்தையைப் பொறுத்து இன்னும் கையில் கிடைப்பவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்: ஃபோக்ஸ்வாகன் டிகுவான், ஸ்கோடா கரோக், பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மஸ்டா சிஎக்ஸ்-60, கியா ஸ்போர்டேஜ்.

இவற்றை ஒப்பிடும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை எல்லாமே சொந்தப் பணத்தில் வாங்குபவருக்காக எழுதப்பட்டவை. லீசில் வரும் நிறுவனக் காருக்குக் கணக்கே வேறு, அதனால் விடையும் வேறு.

சொந்தமாக வாங்குபவர் பார்க்கும் பலவற்றை நாம் பார்க்க வேண்டியதில்லை. கியாவின் ஏழு ஆண்டு உத்தரவாதம் அதற்கு நல்ல உதாரணம். ஐரோப்பாவில் 1,50,000 கி.மீ. வரை செல்லும் அந்த உத்தரவாதம் உண்மையிலேயே பெரிய வாக்குறுதிதான். ஆனால் மூன்று அல்லது நான்கு ஆண்டில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவருக்கு அந்த ஏழு ஆண்டில் ஏறக்குறையப் பாதிதான் பயன்படும். மீதியை அனுபவிப்பவர் அந்தக் காரை அடுத்து வாங்குகிறவர். பத்தாம் ஆண்டில் டர்போ தாங்குமா, டைமிங் செயின் தேயுமா என்ற கவலைகளும் நம்முடையவை அல்ல.

அப்படியானால் நம்முடைய கவலை எது? லீஸ் வாடகையை நிறுவனம் கட்டுகிறது. அந்த வாடகை, காரின் விலையையும், ஒப்பந்த முடிவில் அதற்கு மிஞ்சும் மதிப்பையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 100 ரூபாய் விலையுள்ள ஒரு கார் முடிவில் 45 பெறும் என்றால் தேய்மானம் 55. 120 விலையுள்ள இன்னொன்று 62 பெறும் என்றால் தேய்மானம் 58. விலையில் 20 வித்தியாசம் இருந்தும் வாடகையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மறுவிற்பனையில் மதிப்புக் குறையாத பிஎம்டபிள்யூ போன்ற கார்கள், எளிய கார்களுக்கு அருகிலேயே வாடகையில் வந்து நிற்பதன் ரகசியம் இதுதான். நிறுவனத்தின் வாகனப் பிரிவு தரும் பட்டியலில் எக்ஸ்1ஐயும் கரோக்கையும் ஒரே வரிசையில் பார்த்து வியப்பவர்கள் உண்டு. காரணம் இதுவே.

ஆனால் நம் சம்பளத்தில் பிடிக்கும் வரி அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் நிறுவனக் காரைச் சொந்தப் பயணத்துக்கும் பயன்படுத்துகிறவரின் வரிக்குரிய வருமானத்தோடு, வழக்கமான டீசல் காராக இருந்தால், அதன் மொத்தப் பட்டியல் விலையில் மாதம் ஒரு சதவீதம் சேர்க்கப்படுகிறது. பிரிட்டனில் பட்டியல் விலையோடு கரியமில வாயு அளவும் சேர்ந்து வரியைத் தீர்மானிக்கிறது. சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு அளவைக் கட்டுக்குள் வைப்பதற்கான ஆர்டிஇ2 தரத்தை எட்டாத டீசலுக்கு அங்கே இன்னும் 4 சதவீதப் புள்ளிகள் கூடும். இரண்டு நாட்டிலும் லீஸ் நிறுவனம் பேரம் பேசி வாங்கிய தள்ளுபடிக்கு மதிப்பில்லை. கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வரி, அச்சிட்ட விலைக்குத்தான். ஆகவே வாடகையில் சமமாக நிற்கும் இரண்டு கார்களில், பட்டியல் விலை கூடிய காரைத் தேர்ந்தெடுத்தால் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் அந்த வித்தியாசத்தைக் கட்டுவது நாம்தான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கார்களுக்கு வருமுன் டீசலே சரியா என்ற கேள்வியைக் கடந்தாக வேண்டும். டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். காலையில் சில கிலோமீட்டர், மாலையில் சில கிலோமீட்டர் என்று நகருக்குள்ளேயே சுற்றும் காரில் அது நடுவழியில் நின்றுபோகும். எரிக்கத் தெளித்த டீசலின் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் கலக்கும், பின்பு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரத்தில் பல நாள் நெடுஞ்சாலையில் ஓடாதவர் இங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு எரிபொருளைத் தேடுவது நல்லது.

நெடுஞ்சாலையே வேலை என்று இருப்பவருக்கு டீசல் இன்னும் சரியான தேர்வு என்று உறுதியாகச் சொல்வேன். வெளியே சார்ஜ் செய்த மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் காகிதத்தில் வரியை வெகுவாகக் குறைப்பதால் அவற்றின் பக்கம் தள்ளப்படுகிறவர்கள் பலர். ஐசிசிடி ஆய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனக் கார்களாக ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட்கள் நடைமுறையில் 100 கி.மீ.க்கு 7.6 முதல் 8.4 லிட்டர் வரை பெட்ரோல் குடிப்பது தெரியவந்தது. அரசுச் சோதனையில் அவை காட்டிய அளவைப்போல் பல மடங்கு அது. சார்ஜ் செய்ய நேரமில்லாமல் ஊர் ஊராக ஓடுகிறவரின் காரில் மின்கலம் வெறும் சுமை.

இனி கார்கள். டிகுவானையும் கரோக்கையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் இதயம் ஒன்று. இரண்டையும் தயாரிக்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 லிட்டர் டிடிஐ டீசல் எஞ்சின், 150 குதிரைத்திறன். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூ திரவத்தை ஓரிடத்தில் தெளிக்காமல் இரண்டு வினையூக்கிகளுக்கு முன்னால் தனித்தனியே தெளிக்கும் இரட்டை முறை இதில் உண்டு. முதலாவது எஞ்சினை ஒட்டியே இருப்பதால் சீக்கிரம் சூடாகிவிடும். நெடுஞ்சாலையில் வெப்பம் கூடி அதன் திறன் குறையும்போது, அடித்தளத்தில் சற்றுத் தள்ளி இருக்கும் இரண்டாவது வேலையை எடுத்துக்கொள்ளும். 2015இல் டீசல் மோசடியில் சிக்கிய குழுமமே நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்த இவ்வளவு முனைந்திருப்பது டீசலுக்கு நல்லது.

எஞ்சின் ஒன்று என்றால் டிகுவானுக்குக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு? இடத்துக்கும் அமைதிக்கும். மூன்றாம் தலைமுறை டிகுவானின் டிக்கி 652 லிட்டர், கரோக்கில் 521. மாதிரிப் பொருட்களையும் கருவிப் பெட்டிகளையும் சுமக்கும் விற்பனைப் பொறியாளருக்கு அந்த 131 லிட்டர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். பின்னிருக்கையில் பெரியவர்கள் அடிக்கடி வந்தாலும் டிகுவான்தான். முந்தைய ஆண்டுகளில் பலரையும் எரிச்சல்படுத்திய ஸ்டீயரிங் தொடுபரப்புகளை நீக்கிவிட்டு, மறுபடியும் அழுத்தினால் இறங்கும் பொத்தான்களை ஃபோக்ஸ்வாகன் வைத்திருக்கிறது. ஆனால் குளிர்சாதனம் இன்னும் திரைக்குள்தான் இருக்கிறது.

கரோக் வேறொரு விதத்தில் புத்திசாலி. வேரியோஃபிளெக்ஸ் இருக்கைகள் உள்ள கரோக்கில் பின்னால் உள்ள மூன்று இருக்கைகளையும் தனித்தனியே நகர்த்தலாம், மடக்கலாம், கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டும் போகலாம். மூன்றையும் எடுத்துவிட்டால் 1,810 லிட்டர் வெற்றிடம். டீசல் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் பிளாஸ்டிக் தகடு செருகியிருக்கும். அதன் விளிம்பில் டயர் தேய்மானத்தை அளக்கும் குறிகள். சிறிய பொருள்தான். ஆனால் காரை வடிவமைத்தவர்கள் அதை ஓட்டுபவரை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அதைக் கையில் எடுக்கும்போது தோன்றும். கரோக்கின் குறை சத்தம். வேகம் ஏற ஏற டயரின் இரைச்சலும் காற்றின் ஓசையும் டிகுவானைவிட முன்னதாக உள்ளே வந்துவிடுகின்றன.

எக்ஸ்1இன் 18டி எஞ்சினுக்கும் அதே 150 குதிரைத்திறன். டார்க் எனப்படும் முறுக்குவிசை 360 நியூட்டன் மீட்டர், டிக்கி 540 லிட்டர் வரை. ஓட்டுவதற்கு இந்த ஐந்தில் மிகவும் நயமானது இதன் முன்பக்கம். ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கிறது, வளைவில் உடல் சாய்வதில்லை. என் மனத்தாங்கல் உள்ளே இருக்கிறது. பிஎம்டபிள்யூவையே தனித்துக் காட்டிய ஐடிரைவ் சுழல்குமிழ், 2022இல் வந்த இந்தத் தலைமுறையில் இல்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கை இருந்த இடத்திலேயே தடவித் திருப்பிய ஒரு கருவியை எடுத்துவிட்டு, எட்டித் தொட வேண்டிய திரையைக் கொடுத்திருக்கிறார்கள். ஓடும் காரில், குலுங்கும் விரலால், கண்ணாடிப் பரப்பில் சிறிய சதுரத்தைத் தேடுவது நாள் முழுதும் ஓட்டுபவருக்குப் பாதுகாப்பான வேலை அல்ல. இதை வெறும் ரசனைக் குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

மஸ்டா இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. சிஎக்ஸ்-60இல் சுழல்குமிழ் அதே இடத்தில் இருக்கிறது. குளிர்சாதனத்துக்குத் தனிப் பொத்தான்கள். எஞ்சினும் ஊரோடு ஒத்துப்போகவில்லை: எல்லோரும் சிலிண்டர்களைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, 2022இல் ஆறு சிலிண்டர் நேர்வரிசையில் 3.3 லிட்டர் டீசலைப் புதிதாக வடித்துக் கொண்டுவந்தார்கள். பின்சக்கர இயக்கத்தில் 200 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கத்தில் 254. எஞ்சின் பெரிதென்றாலும் குடிப்பது குறைவு. சோதனை அளவு 100 கி.மீ.க்கு 5 லிட்டரை ஒட்டியே வருகிறது. பெரிய கொள்ளளவைக் கொண்டு அவர்கள் பலத்தைத் தேடாமல் காற்று மிகுந்து டீசல் குறைந்த, சீரான எரிதலைத் தேடினார்கள். நெடுஞ்சாலையில் இந்த எஞ்சின் மெல்லிய முணுமுணுப்போடு ஓடுவதைக் கேட்டவருக்கு, நான்கு சிலிண்டரின் கரகரப்புக்குத் திரும்ப மனம் வராது.

ஆனால் இரண்டு தடைகள். தொடக்க காலத்தில் வந்த சிஎக்ஸ்-60களின் பின் சஸ்பென்ஷன் கரடுமுரடாக இருப்பதாகப் பரவலாகக் குறை சொல்லப்பட்டது. மஸ்டா பிறகு அதைத் திருத்தியது. ஆகவே லீஸ் நிறுவனத்தின் கையிருப்பில் இருக்கும் பழைய தயாரிப்பு தள்ளுபடியில் வந்தால், ஓட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடும் நாடுகளில் 3.3 லிட்டர் என்ற எண் மட்டுமே இந்தக் காரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். 4.7 மீட்டரைத் தாண்டும் நீளமும் அடுக்கு வாகன நிறுத்தங்களில் சிரமம் தரும்.

ஸ்போர்டேஜைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1.6 லிட்டர், 136 குதிரைத்திறன், 48 வோல்ட் துணை மோட்டார். பட்டியல் விலைக்குக் கிடைக்கும் வசதிகள் அதிகம். துணை மின்கலம் இருப்பதால் டீசலில் டிக்கி 526 லிட்டராகச் சுருங்குகிறது, பெட்ரோலில் அது 591. நிரம்பிய சுமையோடு மேட்டில் முந்த முயலும்போது சிறிய எஞ்சின் என்பது தெரிந்துவிடும். அதன் பெரும் பலமான உத்தரவாதம் நமக்குப் பயன்படாது என்று முன்பே பார்த்தோம்.

என் தேர்வு கரோக், 150 குதிரைத்திறன், தானியங்கி கியர். டிகுவானின் அதே எஞ்சின் குறைந்த பட்டியல் விலையில் கிடைக்கிறது. வரி சம்பளத்திலிருந்து போகும் வரை எனக்கு அந்த வாதமே பெரிது. டிக்கி போதாதவருக்கு டிகுவான். வரி பட்டியல் விலையைத் தொடாத நாட்டில் இருந்தால், அல்லது வரியை நிறுவனமே ஏற்றால், தயங்காமல் திருத்தப்பட்ட சிஎக்ஸ்-60ஐ எடுப்பேன்.

ஆர்டர் செய்யும்போது சக்கரத்தின் அளவில் கவனம் வேண்டும். 2018 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான டபிள்யூஎல்டிபி சோதனை முறையில், கரியமில வாயு அளவு காரின் மாடலுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. நாம் சேர்க்கும் சக்கரம், கண்ணாடிக் கூரை போன்ற ஒவ்வொன்றுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. 20 அங்குலச் சக்கரம் பட்டியல் விலையைக் கூட்டும், கரியமில வாயு அளவையும் கூட்டும், பள்ளத்தில் முதுகையும் உலுக்கும். டயரின் பக்கவாட்டு உயரம் குறைவதால் நடைபாதை ஓரத்தில் உரசி விளிம்பு கீறும், காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதற்கும் பணம் கேட்பார்கள். கிடைப்பதில் சிறிய சக்கரத்தைக் கேளுங்கள். அந்தப் பணத்தில் இடுப்பைத் தாங்கும் சரிசெய்யக்கூடிய இருக்கையையும், முன்செல்லும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோலையும் சேருங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதும் ஆண்டுக் கிலோமீட்டரை உண்மையாக எழுதுங்கள், கூடினால் கட்ட வேண்டிய தொகை யார் தலையில் விழும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆட்ப்ளூ 1,000 கி.மீ.க்கு 1 முதல் 2 லிட்டர் வரை தீரும். அது எரிபொருள் அட்டையில் அடங்குமா, பராமரிப்பில் அடங்குமா என்று கேட்டுவையுங்கள். காலியானால் நிறுத்திய எஞ்சின் மறுபடி கிளம்பாது.