டர்பனிலிருந்து சென்னைக்கு, துபாய் வழியாக

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 7,100 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால் துபாயைச் சுற்றிக்கொண்டு 9,500-க்கும் மேல் பறக்க வேண்டியிருக்கிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு எமிரேட்ஸில் போனேன். கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து துபாய்க்குச் சுமார் எட்டரை மணி நேரம், அங்கிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம்.

புரட்டாசி விரதம் என்பதால் சைவச் சாப்பாட்டை முன்பே சொல்லி வைத்திருந்தோம். மற்றவர்களுக்குப் பரிமாறும் முன்பே அம்மாவுக்குத் தட்டு வந்துவிட்டது: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, எல்லாம் சுடச்சுட. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. துபாயில் சக்கர நாற்காலி விமானத்தின் வாசலிலேயே நின்றது. தள்ளிக்கொண்டு வந்த பையன் வழியெல்லாம் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபடியே வந்தான். அப்படிப்பட்ட பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது விமானத்தில் கால் நீட்ட இடம் போதவில்லை. அப்புறம், டிக்கெட்டில் சென்னையில் இறங்கும் நேரமாக இருப்பது சென்னை நேரம். நம் டர்பன் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அதைக் கழித்துத்தான் பயண நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். வயதானவர்களோடு போனால் துபாயில் மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.