சர்க்கரை பார்க்கும் மோதிரம்: முருங்கைக்காய்க்கும் 5.8 காட்டியது

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் தீபாவளி சாமான் வாங்கப் போகிறவர்கள், அதிலும் வீட்டில் இனிப்புநீர் உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். "ஊசியே குத்தாமல் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கலாம்" என்று அங்கே பேனர் கட்டி ஸ்மார்ட் மோதிரம் விற்கிறார்கள். என் அப்பாவும் 399 ரிங்கிட் கொடுத்து ஒன்று வாங்கி வந்தார். அது சர்க்கரையைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது.

விற்றவர்கள் வாய்ச்சாலகம் உள்ளவர்கள். "அங்கிள், விரலை நீட்டுங்க" என்று கேட்டு மோதிரத்தை மாட்டி, ஒரு நிமிடத்தில் ஃபோனில் எண்களை வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். இதயத் துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம்கூட. "சுகாதார அமைச்சு அனுமதி கொடுத்தது" என்று லேமினேட் செய்த ஒரு தாளையும் காட்டினார்களாம். அப்பா விவரமாக அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அது ரோஹ்ஸ் சான்றிதழ். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இந்தத் தாள் தினமும் கண்ணில் படுகிற ஒன்று. பொருளில் ஈயம், பாதரசம், காட்மியம் மாதிரியானவை அளவுக்கு மேல் இல்லை என்று சொல்வது அது. டிவி ரிமோட்டுக்கும் அதே தாள்தான். சுகாதார அமைச்சுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் வேண்டாம் என்று சொன்னேன். "ஒரு மாசம் போட்டுப் பார்ப்போமே" என்றார். விரல் குத்திக் குத்தி மரத்துப்போன மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மோதிரம் வந்ததும் பழைய மீட்டரும் ஸ்ட்ரிப் டப்பாவும் அலமாரிக்குள் போய்விட்டன. அங்கேதான் ஆபத்து.

அப்பா இனிப்புநீருக்கு மெட்ஃபார்மினோடு கிளிக்லசைடும் எடுக்கிறவர். கிளிக்லசைடு சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடக்கூடிய மாத்திரை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் தாழ்சர்க்கரை வரும். ஒருநாள் சாயங்காலம் அம்மா பதறிப்போய் அழைத்தார். அப்பாவுக்குச் சட்டை நனைகிற அளவு வியர்வை, கை நடுக்கம், பேச்சும் குழறுகிறது. "சர்க்கரை பாத்தீங்களா?" என்றேன். "மோதிரத்துல 6.1-னு நல்லாத்தான் இருக்கு, பிரஷரா இருக்குமோ?" என்றார். பழைய மீட்டரைத் தேடி எடுத்துக் குத்தச் சொன்னேன். 3.1.

இந்த எண்கள் எல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு; 4.0-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார்கள். 4.6. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. இத்தனை நேரமும் மோதிரம் 6.0, 6.1 என்று அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. அம்மா அந்த எண்ணை நம்பி "கொஞ்ச நேரம் படுங்க" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த வார இறுதியில் மோதிரத்தை வாங்கி நானே சோதித்தேன். அம்மா சாம்பாருக்கு வைத்திருந்த முருங்கைக்காயில் கொஞ்சம் தடித்த ஒன்றில் மாட்டி, ஆப்பில் 'அளவிடு' அழுத்தினேன். உள்பக்கம் பச்சை விளக்கு மினுக்கியது. முருங்கைக்காய்க்கு நாடித்துடிப்பு 74, ரத்தச் சர்க்கரை 5.8. நியாயமாகச் சொன்னால், துடிப்பை விட்டுவிடலாம். திரும்பி வரும் ஒளியில் ஏதாவது ஆட்டம் தெரிந்தால் நல்ல கம்பெனி கடிகாரங்களே சில நேரம் ஏமாறும். காய்கறிக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

விடை ஆப்பின் அமைப்புப் பக்கத்தில் இருந்தது. முதல்நாளே வயது, எடை, இனிப்புநீர் உண்டா, வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. அப்பா 6.0 என்று போட்டிருந்தார். நான் அதை 9.5 ஆக மாற்றினேன். அடுத்த அளவீட்டில் அதே முருங்கைக்காய்க்குச் சர்க்கரை 9.3! நாம் கொடுத்த எண்ணையே கொஞ்சம் ஏற்றி இறக்கி நமக்கே திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இதை எல்லாம் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மோதிரத்தின் மேலேயே எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். நல்ல ஸ்மார்ட் மோதிரத்தில் பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளும் ஒளியை வாங்கும் ஒரு சென்சாரும் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ரத்தம் கூடிக் குறைவதை அந்த ஒளியில் பார்த்து, துடிப்பையும் ஆக்சிஜனையும் கணக்கிடும். தோலின் வெப்பம், தூக்கம், நடை இதெல்லாம் சேர்த்து ஓரளவு உருப்படியான தகவல் தரும். என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் தூக்கத்துக்காகவே போட்டிருக்கிறார், திருப்தியாக இருக்கிறார். சர்க்கரை விஷயம் வேறு. தோலுக்கு வெளியே இருந்து ஒளியில் அதைப் பிடிக்கப் பல பெரிய நிறுவனங்கள் வருஷக்கணக்காக முயற்சி செய்கின்றன. சர்க்கரையின் சுவடு அவ்வளவு மெலிதானது. நீர், வியர்வை, வெப்பம், விரலின் அழுத்தம் எல்லாம் அதை மூழ்கடித்துவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரி 21-ஆம் தேதி இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரை அளக்கும் எந்த ஸ்மார்ட் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, அப்படிச் சொல்லி விற்பதை வாங்காதீர்கள் என்று.

"ஓரா மோதிர ஆப்பில் சர்க்கரை வரைபடம் தெரிகிறதே" என்று, பிரபலமான ஒரு ஸ்மார்ட் மோதிரத்தைச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். அந்த எண் மோதிரம் அளந்தது இல்லை. டெக்ஸ்காம் நிறுவனத்தின் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டால், தோலுக்குள் போகும் அதன் மெல்லிய இழை அளப்பதை ஆப் வாங்கிக் காட்டுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்தது தனிக் கதை. முதலில் "சிஸ்டர், அது சும்மா ரெஃபரன்ஸுக்குத்தான் லா" என்றார்கள். பேனரில் இருந்தது வேறு வசனம் ஆயிற்றே என்றால், ஆப்பின் அடியில் எறும்பு எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அப்புறம் வேறு மோதிரம் தருகிறோம் என்றார்கள். அதுவும் வேண்டாம் என்றதும், சர்க்கரையைக் குறைக்கும் மூலிகை மாத்திரை இரண்டு டப்பா இலவசம்! கடைசியில் வாட்ஸ்ஆப்பில் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பெண் அழைத்து அதே மாதிரி மூலிகை மாத்திரை விற்கப் பார்த்தார். "உங்களுக்கு ஆறுக்குப் பக்கத்துல இருக்கு, இப்பவே கவனிச்சா மாத்திரையை நிறுத்திடலாம் அங்கிள்" என்றாராம். அந்தச் சர்க்கரை எண் ஆப்பிலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்பா அதை வேறு யாருக்கும் சொன்னதில்லை. ஆப் முதல்நாளே பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், ஃபோன் எண், சாப்பிடும் மருந்துகள் வரை கேட்டிருக்கிறது. தூக்கம் கணக்குப் போடும் மோதிரத்துக்கு ஐ.சி. எண் எதற்கு? மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சைக் கேட்டு அம்மா ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டார். ஆப்பில் கணக்கை அழித்தோம், ஃபோனிலிருந்தும் நீக்கினோம். சர்வரில் இருப்பது இருந்தபடிதான் இருக்கும்.

இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் அப்பா பெயரில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, இணையம் வழியாகவும் கொடுக்கலாம். வாங்கி 3 வருஷத்துக்குள் போக வேண்டும். மருத்துவ சாதன ஆணையத்துக்கும் தனியாக எழுதினேன். நோயைக் கண்காணிக்க என்று சொல்லி விற்கும் கருவி 2012-ஆம் ஆண்டின் மருத்துவ சாதனச் சட்டப்படி அங்கே பதிவாகியிருக்க வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு நாமே தேடலாம். இந்த மோதிரத்தின் பெயர் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. அரசாங்க அலுவலகம் என்றாலே தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம், தமிழிலேயே பேசலாம்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இதே மாதிரி மோதிரம் வாங்கியவர்கள் பெட்டியையும் பேனர் படத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரசீது தொலைந்திருந்தாலும் டுயிட்நவ் (ஃபோனில் வங்கி வழியாகப் பணம் கட்டும் வசதி) வழியாகக் கட்டியிருந்தால், பணம் போன பெயரும் தேதியும் வங்கி ஆப்பில் இருக்கும். நாங்கள் மனுவோடு இணைத்ததும் அதைத்தான். கடையில் கொடுத்த ரசீதில் முகவரியே இல்லை.