சிறு பக்கிக்கு மாற்று எஞ்சின்: ஹோண்டா ஜிஎக்ஸ்200

கோலாலம்பூர் புறநகரின் செம்மண் தடங்களில் ஓடும் எங்கள் சிறு பக்கிக்கு (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் திறந்த சிறு வண்டி), தேய்ந்துபோன 163 சிசி ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்குப் பதிலாக ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினைப் பொருத்தினோம். 196 சிசி கொள்ளளவும், நிமிடத்திற்கு 3,600 சுற்றுகளில் ஏறத்தாழ 5.5 குதிரைத்திறனும் கொண்ட இது, ஜிஎக்ஸ்160 அமர்ந்த அதே போல்ட் துளைகளில் அமர்ந்துவிடுவதால் சட்டத்தில் வெல்டிங் வேலையே தேவைப்படவில்லை. 389 சிசி கொண்ட ஜிஎக்ஸ்390 ஆசை காட்டினாலும், அதன் எடை ஏறக்குறைய இரு மடங்கு, அடித்தளமும் பெரியது.

வாங்குமுன் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டியது, கிளட்சு பொருந்தும் சுழல்தண்டான ஷாஃப்ட்டின் விட்டம். இதே எஞ்சின் 20 மில்லிமீட்டரிலும் முக்கால் அங்குலத்திலும், அதாவது 19.05 மில்லிமீட்டரிலும் வருகிறது. பக்கிக்கான கிளட்சுகள் பெரும்பாலும் முக்கால் அங்குலத் துளையுடன் விற்கப்படுவதால், 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் அவை ஏறவே மாட்டா. ஜாலான் ஈப்போ பக்கத்துக் கடைக்காரர் வெர்னியர் காலிப்பரை எங்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ரோன்95 பெட்ரோலே இதற்குப் போதும். மேட்டுப் பாதைகளில், சுழற்சி வேகம் கூடும்போது தானே பிடிக்கும் மையவிலக்குக் கிளட்சு வழுக்கிச் சூடேறும் என்பதால், அங்கே ஓட்டுவோர் டார்க் கன்வெர்ட்டரையும் (சுழற்சி விகிதத்தைத் தானாக மாற்றும் பெல்ட் அமைப்பு) சேர்த்து வாங்குவதே நல்லது. வேகத்துக்காக, எஞ்சினின் சுழற்சியை வரம்புக்குள் வைக்கும் கவர்னரைக் கழற்றுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். இதன் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடும், கனத்த சுழல்சக்கரமான ஃப்ளைவீலும் வரம்பு மீறிய சுழற்சிக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல, உடைந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.