6,400 ரூபாய் கொடுத்து வாங்கியது பேதி டீ. ஹாஸ்டல் பிள்ளைகள் அவசியம் படியுங்கள்

6,400 ரூபாய். பக்கத்து அறைப் பெண் நேற்று ராத்திரி அழுதுகொண்டே சொன்ன கணக்கு. மெஸ் பில்லுக்கு வீட்டிலிருந்து வந்த 5,200, கைமாற்று 1,200. மொத்தமும் ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு ‘எடை குறைப்பு கோச்’சுக்குப் போய்விட்டது.

அவள் உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவு, 22.4. இந்தியர்களுக்கு 23-க்குள் இருந்தால் சரியான எடை. குறைக்க வேண்டிய அவசியமே இல்லாத பெண்ணிடம் முழு உருவப் படம் கேட்டு வாங்கி, இடுப்பிலும் கையிலும் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்து அவள் நொந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் போன். “கண்ணு, அக்கா மாதிரி சொல்றேன், இப்ப விட்டா அப்புறம் குறையவே குறையாது. 44 கிலோ நம்ம டார்கெட்.” அந்தக் ‘கண்ணு’வை நம்பித்தான் ஜிபே செய்தாள். 44 கிலோ என்றால் பி.எம்.ஐ. 17.6. 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு!

பார்சலில் 30 டீ பை, ஒரு டப்பா பவுடர், ஒரு உணவுப் பட்டியல். டீ அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ‘சென்னா இலை’. அது நிலாவாரை, பேதிக்குக் கொடுப்பது. ராத்திரி குடித்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும், அதுவும் பெருங்குடலில். சாப்பிட்டதன் சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்பில் சேர்ந்திருக்கும். வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான். பொட்டாசியம் இறங்கினால் கெண்டைக்கால் இழுக்கும், நெஞ்சு படபடக்கும்.

பவுடர் லேபிளில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. 30 கிராம் ஸ்கூப்பில் புரதம் 6 கிராம். காலையும் ராத்திரியும் ஒரு ஸ்கூப், மதியம் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு, வெள்ளரிக்காய். கூட்டிப் பார்த்தால் 500 கலோரி தாண்டாது. அதிகம் ஓடியாடாத பெண்ணுக்கே நாளுக்கு 1,660 வேண்டும்.

முதல் வாரம் 2 கிலோ இறங்கியது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை இருப்புக்குக் கிளைகோஜன் என்று பெயர். அது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் இரண்டும் சேர்ந்து போகும், ஒழுங்காகச் சாப்பிட்டதும் திரும்பி வரும். வந்தது.

லேப் வகுப்பில் தலைசுற்றி உட்கார்ந்ததை அவள் சொன்னதற்கு கோச்சின் பதில், “டாக்ஸின் வெளியேறுதும்மா”. மறுபடி கேட்டதற்கு, “உங்ககிட்ட டிசிப்ளின் இல்ல”. பணத்தைக் கேட்டதும், “மேடம்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்”. மூன்று நாள் கழித்து பிளாக். 6,400 ரூபாய் வாங்கும்போது மட்டும் ஒரு நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பொருளுக்கு உரிமம் தரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண் 14 இலக்கம். இந்த டப்பாவில் 13 தான் இருந்தது. சரியான எண்ணாகத் தெரிந்தாலும் அவர்களுடைய ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உடம்புப் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, பொருள் பற்றிய புகாருக்கு 1915. டீ குடித்துப் படபடப்பு வந்தால் டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள். டப்பாவைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு லேபிள் வேண்டும்.