புள்ளி கொடுப்பதா, ஆட வைப்பதா, செய்யச் சொல்வதா?

நாளை வகுப்பெடுக்கப் போகிற பயிற்சி ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் கேம்களைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒதுக்க முடிவது சில வாரங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில வாரங்களுக்கு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. பயிற்சி வகுப்பையே புள்ளி, பேட்ஜ், தரவரிசை என்று மாற்றி நடத்தலாம். இருக்கிற கேம்களை ஆட வைத்து அலசச் சொல்லலாம். இல்லையென்றால் அவர்களையே ஒரு கேம் செய்யச் சொல்லலாம்.

முதல் வழிக்குக் கேமிஃபிகேஷன் என்று பெயர். அதில் செலவும் உழைப்பும் குறைவு. விளையாட்டு அல்லாத இடத்தில் விளையாட்டு வடிவமைப்பின் கூறுகளைப் பயன்படுத்துவது என்று 2011இல் ஆய்வாளர் டெட்டர்டிங்கின் குழுவினர் அதை வரையறுத்தார்கள். கூறுகள் என்றால் கதை, சுயமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை, தோற்றாலும் திரும்ப முயல விடும் தாராளம் எல்லாம் அதில் அடக்கம். நடைமுறையில் வந்து உட்காருவதோ எண்ணுவதற்குச் சுலபமான புள்ளிதான். நார்வேயில் பிறந்து 2013இல் வெளிவந்த கஹூட் என்ற வினாடி வினாத் தளத்தைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு வினாடி வினா தயாராகிவிடும். வகுப்பும் கலகலக்கும். ஆனால் அதன் வழக்கமான முறையில் சரியான விடையைச் சீக்கிரம் அழுத்தியவருக்கே புள்ளி அதிகம். நிதானமாக யோசிக்கிற பிள்ளை பின்தங்கிவிடும். இதைக் கவனிக்காத பயிற்சி ஆசிரியர், கலகலப்பைப் பார்த்துவிட்டுப் பாடம் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.

வெகுமதி விஷயத்தில் எச்சரிக்கை ரொம்பப் பழையது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. 2015இல் ஹானஸும் ஃபாக்ஸும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. பேட்ஜும் தரவரிசைப் பலகையும் வைத்து 16 வாரம் நடந்த கல்லூரி வகுப்பில், அவை இல்லாத வகுப்பைவிட ஊக்கமும் திருப்தியும் சரிந்தன.

அதற்காக இந்த வழியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பயிற்சி ஆசிரியர்கள் மீதே இரண்டு வாரம் தரவரிசைப் பலகையை நடத்திவிட்டு நிறுத்துங்கள். கடைசி இடத்தில் இருந்தது எப்படி இருந்தது என்று, விருப்பமிருந்தால் பெயர் போடாமல், எழுதச் சொல்லுங்கள். பேட்ஜ் பற்றிய பத்து விரிவுரைகளைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

இரண்டாவது வழியில் விஷயம் கூடுதல். இங்கே ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தால் போதும்: பாடத்தை உருவிவிட்டால் இந்த கேம் நிற்குமா? நின்றால், பாடம் வெளியே ஒட்டவைத்த ஒட்டுத்தான். ஹாப்குட், எயின்ஸ்வொர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேராகவே சோதித்தார்கள். ஒரே கேமுக்கு இரண்டு வடிவம். ஒன்றில் எலும்புக்கூடுகளின் மார்பில் எண்கள் இருக்கும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணுக்கான ஆயுதத்தால் அடித்தால்தான் வீழும். இன்னொன்றில் அடிதடி தனி, கணக்கு தனி. முதல் வடிவத்தில் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோதும், மற்றதைவிட அந்த முதல் வடிவத்திலேயே சுமார் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. கேம் பழக்கமே இல்லாதவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதிலேயே களைத்துவிடுவார். பழக்கமுள்ளவர் ஆட்டத்தில் மூழ்கி, அலச வந்ததை மறப்பார். இருவரையும் ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் ஆட மற்றவர் குறிப்பெடுப்பது நல்லது. அப்புறம், குறிப்பிட்ட ஒரு கேமைக் கற்றுக்கொடுப்பது கொஞ்சம் ஆபத்து. இணைய உலாவியில் கேம்களை ஓடவைத்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு முடிந்தபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ கல்வி கேம்கள் திறக்காமல் போயின. கேமின் பெயர் மறந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி மறக்கக்கூடாது.

மூன்றாவது வழிக்குச் சாட்சி சொல்ல, பெயர்பெற்ற கல்வி கேம் ஒன்றே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கே ஓரிகனுக்குக் குடியேறப் போனவர்களின் பயணத்தை ஆடவைக்கும் 'ஓரிகன் டிரெயில்' 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவானது. செய்தவர்கள் ராவிட்ச், ஹைனமன், டில்லன்பெர்கர் என்ற மூன்று பயிற்சி ஆசிரியர்கள். திரைகூடக் கிடையாது, டெலிடைப் எந்திரம் காகிதத்தில் அடித்துத் தரும் வரிகள்தான். மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று பணத்தைப் பிரிக்கும் முடிவிலேயே வரலாற்றுப் பாடம் நடக்கும். பின்னாளில் ராவிட்ச் அந்தக் காலப் பயணிகளின் நாட்குறிப்புகளைத் தேடிப் படித்து, நோயும் விபத்தும் எவ்வளவு அடிக்கடி வரவேண்டும் என்று திருத்தினார். ஒரு கேமைச் சரிசெய்யப் போய் ஆசிரியர் தன் பாடத்தையே மறுபடி படித்த கதை இது. வண்டியில் போகிறவர் கண்ணில் மட்டும் ஏன் அந்தக் கதை நடக்கிறது, வழியில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகள் எங்கே என்று கேட்டால் இன்னொரு பாடமும் கிடைக்கும்.

ஆகவே, ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு செய்வதற்கே. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் வெளியிட்ட, கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சையோ, கிளைக்கதைகள் எழுத உதவும் ட்வைனையோ முதல் நாளே திறந்தால், கிடைத்த வாரங்கள் எல்லாம் கருவியைப் பழகுவதிலேயே போய்விடும். முதலில் காகிதமும் பகடையும் போதும். பின்னங்களின் கூட்டலை எடுத்துக்கொள்வோம். ஏணியும் பாம்பும் பலகையில் கேள்வி அட்டை வைத்தால் அது வெறும் ஒட்டு. வெற்றியை முடிவுசெய்வது அப்போதும் பகடைதான். அதற்குப் பதில் இப்படி: இரண்டு பகடைகளை உருட்டு. எந்த எண் மேலே, எது கீழே என்று நீயே முடிவுசெய். வரும் பின்னங்களைக் கூட்டிக்கொண்டே போ. 5ஐத் தாண்டாமல் நெருங்கியவர் ஜெயித்தார். எப்போது நிறுத்துவது என்பது உன் பாடு. இதில் பின்னத்தை உருவினால் கேமே இல்லை. கணினிக்கு மாற்றுவது அடுத்த வாரம்.

மதிப்பெண் எதற்கு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேறொருவர் ஆடும்போது எங்கே முழித்தார், அதைப் பார்த்து எந்த விதியை மாற்றினீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்புக்குப் போடுங்கள். ஸ்கிராட்ச் திரையில் வரும் பூனை எவ்வளவு அழகாக நடக்கிறது என்பதற்கு வேண்டாம்.