ஏரிக்கரைக்குக் காவலாள் சம்பளம் யார் தருவது? வேலூருக்கு முன் நான்கு வழிகள்

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் திரும்பிவிட்டார். கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பவை ஆறும் மலையும்தான். இரண்டும் பொதுவெளி, இரண்டும் எந்த ஓர் உள்ளாட்சியின் எல்லைக்குள்ளும் அடங்காதவை. 2019-ல் பழைய மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு பாலாறு திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை என்று மூன்று ஆட்சியர்களைக் கடந்துதான் காஞ்சிபுரம் பக்கம் போகிறது.

ஏரி, ஆற்றங்கரை, மலையடிவாரம் போன்ற இடங்களை மக்கள் நடமாடும் வெளியாக வைத்திருக்க யார் செலவு செய்வது, யார் நிர்வகிப்பது? நான்கு வழிகள் கண்ணில் படுகின்றன. வேலி போடவும் நடைபாதை போடவும் ஏதாவது ஒரு திட்டத்தில் பணம் கிடைத்துவிடும். திறப்பு விழா முடிந்து ஐந்தாம் வருடம் காவலாளுக்கு யார் சம்பளம் தருகிறார் என்பதை வைத்துத்தான் நான்கையும் பார்க்கிறேன்.

முதல் வழி, துறையிடமே விட்டுவிடுவது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு, காப்புக்காடு வனத்துறைக்கு. இதில் பெரிய பலம் சட்டம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சம்பளமும் அரசுக் கஜானாவிலிருந்து வரும். ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி உயிரியல் பூங்காவை வனத்துறை நடத்துவதால்தான் அங்கே நுழைவுச்சீட்டு கொடுக்க ஆளும் காட்டுக்குக் காவலும் இருக்கின்றன. ஆனால் நீர்வளத்துறைக்கு ஏரி என்றால் கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். சாயங்காலம் நடக்க வருகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கரையில் ஒரு பெஞ்ச் போடுவது அவர்கள் வேலையல்ல, அதைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் தானே பார்த்துக்கொள்வது. இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நூறு நாள் வேலையில் மண் வேலை நடந்திருக்கிறது. கணியம்பாடி பக்கம் நாகநதியில் நீர் செறிவூட்டும் கிணறுகளைப் பெண்கள் கட்டியது அப்படித்தான். ஊர் நினைத்தால் வேலை நடக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

சிக்கல் வேறு இடத்தில். ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மேல் ஏரி ஒரு கிராம ஊராட்சியில், கீழ் ஏரி மாநகராட்சியில் என்றால், வரத்துக்காலில் மனை போடுவதைத் தடுக்க வேண்டியது ஊராட்சி, மழைக்காலத்தில் அவதிப்படுவது மாநகராட்சித் தெருக்கள். இதில் ஊராட்சியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? மனை விற்றால் பத்திரப்பதிவு மிகுவரியில் உள்ளாட்சிக்குப் பங்கு வருகிறது, வீடு எழும்பினால் வீட்டு வரி வருகிறது. ஏரி ஏரியாகவே கிடந்தால் ஊராட்சிக் கணக்கில் பெரிதாக எதுவும் ஏறாது.

மூன்றாவது, தனி நிறுவனம். 2016-ல் வேலூர் சீர்மிகு நகர (ஸ்மார்ட் சிட்டி) பட்டியலில் சேர்ந்தபோது அதற்கென்று ஒரு கம்பெனி பதிவானது. மத்திய அரசு, மாநில அரசு இரண்டின் பங்கும் அதன் வழியாகத்தான் வந்தன. பெரிய பணம், வேகமான டெண்டர், ஒரே கையெழுத்து. ஆனால் இந்த மாதிரித் திட்டங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. 2025 மார்ச்சோடு சீர்மிகு நகரத் திட்டம் முடிந்தது. கட்டியதைப் பராமரிக்கும் செலவு மறுபடி மாநகராட்சித் தலையில். மேலும் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் மேல் ஏரிக்கு நகரக் கம்பெனி எப்படிப் போகும்? என் காவலாள் கேள்விக்கு இந்த வழியில் பதிலே கிடையாது.

நான்காவது, பல உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரு பொது அமைப்பு, அதற்கென்று நிரந்தர வருமானம். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குத் தெற்கே 1972-ல் வாக்காளர்களே ஓட்டுப்போட்டு இப்படி ஒரு திறந்தவெளி மாவட்டத்தை உருவாக்கினார்கள். பெயர் மிட்பெனின்சுலா. அதன் எல்லை ஒரு நகரத்தோடோ ஒரு கவுண்டியோடோ (நம் மாவட்டம் போன்றது) நிற்பதில்லை. ஏழு வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குழு நடத்துகிறது. சொத்து வரியில் ஒரு சிறு பங்கு வருடாவருடம் வருகிறது. 2014-ல் 30 கோடி டாலர் வரை கடன்பத்திரம் வெளியிட மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் சம்மதம் கொடுத்தார்கள்.

இங்கே வரிக்கு வாக்கெடுப்பு கிடையாது, அந்தப் பணக்கார வட்டாரத்தின் சொத்து வரியும் நம்மிடம் இல்லை. சரி, இதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் என்று தள்ளிவிடலாமா? தள்ள முடியாது. இதன் பாதிப் பாகங்கள் நம்மிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

வருமானப் பாகம் நூலக வரியில் இருக்கிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்கென்று உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும். எல்லை தாண்டிய ஒரு பொது வேலைக்கு எல்லா உள்ளாட்சியும் சேர்ந்து செலுத்தும் தனி வரி, தனி அமைப்பு. வசூலித்ததை உள்ளாட்சிகள் நிலுவையில் போடும் பழக்கமும் கூடவே உண்டு. அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லை தாண்டுகிற பாகம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருக்கிறது. மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வேலூர் வரை வருகிறது. வழியிலும் முடிவிலும் எத்தனையோ நகராட்சிகள், பேரூராட்சிகள், கிராமங்கள். குழாயைப் பொது அமைப்பு ஒன்று பராமரிக்கிறது, உள்ளாட்சிகள் வாங்குகிற தண்ணீருக்குப் பணம் கட்டுகின்றன. யார் எல்லையில் குழாய் போகிறது என்று யாரும் சண்டை போடுவதில்லை.

இன்னொரு பணமும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கவேண்டும் என்பது விதி. மூவாயிரம் முதல் பத்தாயிரம் சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவு என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். அந்தப் பணம் ஒவ்வொரு ஊரிலும் துண்டுதுண்டாகக் கிடந்தால் ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நாலு பூந்தொட்டி என்று கரைந்துவிடும். ஒரே ஏரித்தொடரில் உள்ள உள்ளாட்சிகள் அதைச் சேர்த்துவைத்தால் ஒரு தொடருக்கே கரையும் நிழலும் காவலும் வரும்.

நான்காவது வழிக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 2016 முதல் 2021 அக்டோபர் வரை இந்த மூன்று மாவட்டக் கிராமங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். வேலூர் மாநகராட்சிக்கு மன்றம் வந்தது 2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பிறகு. அந்த நேரத்தில் தலைவர்களை மட்டும் நம்பி ஒரு கூட்டுக் குழு இருந்திருந்தால், அது நாற்காலிகளோடு சேர்ந்து காலியாகியிருக்கும். முதல் வழியிலோ துறை எப்போதும் இருக்கிறது, அலுவலகம் பூட்டப்படுவதில்லை.

அதனால் நான் கேட்பது கலப்பு. நிலம் துறையிடமே இருக்கட்டும். பட்டாவாகிவிடும் பயம் அப்போதுதான் குறையும். மதகும் கலங்கலும் அவர்கள் பொறுப்பு. கரைக்கு மேலே நடக்கிற வாழ்க்கை, அதாவது நடைபாதை, மரம், குப்பை, காவல், ஒரு ஏரித்தொடரின் கூட்டுக் குழுவுக்குப் போகட்டும். அதில் உறுப்பினர் சேர்க்கை பதவியின் பெயரில் இருக்கவேண்டும்: தலைவர் இல்லாதபோது தனி அலுவலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். மூன்று மாவட்டத்துக்கும் ஒரே ஆணையம் என்ற பெரிய பேச்சுக்கு நான் ஆதரவில்லை. பாலாறு முழுவதையும் ஒரு மேஜையில் வைத்தால் மணல் பிரச்சினையும் தோல் கழிவும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஏரிக்கரைக்கு ஒரு கூட்டத்தில்கூட நேரம் கிடைக்காது.

பங்கு பிரிப்பதுதான் கடினம். தலைக்கு இவ்வளவு என்றால் மாநகராட்சி முணுமுணுக்கும், ஏரிப் பரப்புக்கு இவ்வளவு என்றால் ஏழை ஊராட்சி தாங்காது. கீழே இருக்கிறவர் அதிகம் தரவேண்டும் என்பது என் கட்சி. மேல் ஏரியும் வரத்துக்காலும் அடைபடாமல் இருப்பதில் முதல் லாபம் கீழே உள்ள தெருக்களுக்குத்தான், 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாநகராட்சி தரும் அந்தப் பணம் ஊராட்சிக் கணக்கில் வரவாக ஏறினால், மனைக்காரர் கொண்டுவரும் வரிக்கு எதிராக ஏரிக்கும் ஒரு வருமானம் இருக்கும். தீர்மானம் போடும் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் அதைக் காட்டிப் பேசலாம்.